செல்லுபடியாகும் நாள்

போஸ்னான் அலுவலகம். ஒன்பதாம் ஜன்னல்.
கண்ணாடிக்கு அடியில்
அட்டையைத் தள்ளுகிறாள் பொஜேனா.
தள்ளிய விரலை எடுக்கவில்லை.

புகைப்படத்தில் அய்சுலூவுக்கு நீளக் கூந்தல்.
சிரிக்கக் கூடாது என்றார்கள், சிரிக்கவில்லை.
அது போன மார்ச்.
காளான் பண்ணையின் ஈரத்துக்குப் பயந்து
முடியை வெட்டிக்கொண்டது ஆகஸ்டில்.
கையில் வெறும் ரசீது; எல்லை தாண்ட முடியாது.
தங்கையின் கல்யாணத்தைக்
கைபேசியில் பார்த்தாள்,
பாதியில் சார்ஜ் தீர்ந்தது.

விரல் விலகியது.
அடியில் தேதி:
இன்னும் பத்தொன்பது நாள்.

இருவரும் ஒன்றும் பேசவில்லை.
பொஜேனா இழுப்பறையைத் திறந்து
புது விண்ணப்பம் ஒன்றை நீட்டினாள்,
கூடவே தன் சொந்தப் பேனாவை.

‘அங்க அடையாளங்கள்’ என்ற கட்டத்தில்
போன முறை ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள்.
இம்முறை
கொஞ்சம் யோசித்தாள்.