பிற நிகழ்வுகள்

குரோனிங்கன். பிப்ரவரி மழை
பக்கவாட்டில் பெய்கிறது.
மூன்றாம் மாடியில் சீட்ஸ்கே
இருபது நிமிடத்துக்கு ஒரு குப்பி மாற்றுகிறாள்.

எலியின் தலைக்குள் இறங்கும் குழாய்
முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.
போவது உப்புநீர், வருவதும் உப்புநீர்,
ஆனால் மீன் சந்தைக்குப் போய்வந்த சட்டை
எதுவும் வாங்காமலே எல்லாம் சொல்லுமே,
அப்படி வருகிறது.

குப்பியில் நாற்பது மைக்ரோலிட்டர்.
முழுசாய் ஒரு சொட்டுகூட இல்லை.
அடியில் முன்பே அமிலம் இட்டு வைக்காவிட்டால்
உள்ளே இருக்கும் டோபமைன்
கண்டுபிடிக்கும் முன்பே கெட்டுப்போகும்.

பிறகு பம்பின் அழுத்தம், எஃகுக் குழல்,
அதனுள் நெரிசல்;
அவரவர் வேகத்தில் அவரவர் வெளியேற,
வாசலில் கரி மின்முனை.
டோபமைன் அதைத் தொட்டு
இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுப் போகும்.
ஏழாம் நிமிடம் திரையில் ஒரு மேடு.
மேடே இல்லாத நாட்டில்
ஒரு மேடு பார்க்க இவ்வளவு பாடு.

02:40 குப்பியில் மேடு இரட்டிப்பு.

இன்று மருந்து இல்லை. ஊசியில் வெறும் உப்புநீர்.
குமிழா? இல்லை. கசிவா? துடைத்துப் பார்த்தாள், இல்லை.
அளவு தெரிந்த கரைசலை மறுபடி ஓட்டினாள்:
கருவி பொய் சொல்லவில்லை.
"விட்டுத் தள்ளு" என்றான் வீப்ரன்
போனில், போர்வைக்குள்ளிருந்து.
"ஒரு புள்ளி கோடாகாது."

02:25க்கு அவள் பையைத் திறந்தாள்.
சீரகம் போட்ட சீஸ் சுற்றிய தாள்
சரசரத்தது. அவ்வளவுதான்.

அவ்வளவு மட்டும் இல்லை.
அறுவைக்குப் பின் தேறிய அந்த ஒரு வாரம்
ஒவ்வோர் இரவும் கம்பி வழியே
விரல்நுனி அளவு கிள்ளிக் கொடுத்தாள்.
விதிமுறையில் இல்லை அது.
வீப்ரனுக்கும் தெரியாது.

உப்பிட்டது பம்பு.
உள்ளளவும் நினைத்தது அவளை.

பதிவேட்டில் கடைசிப் பத்தி, "பிற நிகழ்வுகள்".
மூன்று வாரமாக அதில் சிறு கோடுகள்தான்.
பேனாவைத் திறந்தாள், மூடினாள்.
நாளை இந்த மூளையைச் சீவல் சீவலாக அரிந்து
குழாய் சரியான இடத்தில்தான் இருந்ததா என்று பார்ப்பார்கள்.
இருந்தது. அவளுக்குத் தெரியும்.

எழுதினாள்: 02:25. தாள் சத்தம்.
கீழே, இன்னும் சின்ன எழுத்தில்:
தீனி கொடுத்தேன். ஏழு இரவு. நான்தான்.

கடிகாரம் கூவியது.
குப்பி மாற்றினாள்.
எலி இன்னும் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.