ஐந்து மீட்டர் தொண்ணூறு

கூடத்துத் தரையில் நீல நாடா ஒட்டி
வண்டியை வரைந்துவிட்டார் குமணன்.
நீளம் ஐந்து மீட்டர் தொண்ணூறு,
அகலம் இரண்டு பத்து.
யீஷூன் நாலறை வீட்டில் அதற்கு இடம் போதவில்லை.
பின்விளக்குகள் இரண்டும் சமையலறைக்குள் போய்
அரிசி வாளிக்குப் பக்கத்தில் எரிகின்றன.

"செருப்பைக் கழற்றிட்டு ஏறும்மா" என்கிறான் செழியன்.
படி எங்கே என்றால்
காற்றில் ஓர் உயரத்தைக் கையால் காட்டுகிறான்.
ஏறுகிறேன்.
இது படுக்கை, மூவரும் ஒருக்களித்தால்.
இது அடுப்பு.
மீன்தொட்டியின் பக்கம் இருப்பது
என்னவென்று கேட்கக்கூடாதாம்,
போகும்போது தெரியுமாம்.

வாடகைக்கு எடுப்பது ஜொகூரில்.
இங்கே கொண்டுவந்தால்
நம் அடுக்குமாடிக் கார் நிறுத்தம் விடாது.
நுழைவில் தொங்கும் மஞ்சள் கம்பி
இரண்டு மீட்டருக்கு மேல் எதையும் நம்பாது.
இந்த ஊரில் உயரமாக எதை ஆசைப்பட்டாலும்
எங்கோ ஒரு கம்பி
லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

பயிற்சிக்கென்று ஞாயிறு புக்கிட் தீமா ஏறினோம்.
உச்சிக் கல்லில் எழுதியிருந்த உயரத்தை
செழியன் இரண்டு தரம் படித்தான்.
"நம்ம புளோக் மாதிரி எத்தனை?"
நாலைந்து இருக்கலாம் என்றார் குமணன்.
லிஃப்ட் இல்லாததால் இதுவும் மலைதான்
என்று இறங்கும்போது முடிவாயிற்று.

குமணனின் பட்டியலில் நாற்பத்து மூன்று வரிகள்.
பதினேழு: அட்டைக்கு உப்பு.
இருபத்தொன்று: என் முதுகுத்தண்டு.
முப்பது: இவள் பிடிவாதம்.
அதை மட்டும் அடித்துவிட்டு
பக்கத்தில் "தார்ப்பாய்" என்று எழுதியிருக்கிறார்.

என் பிடிவாதம் ஒன்றுதான்.
பதினாறு வருடமாக வண்டி ஓட்டுகிறேன்,
ஒரு தரம்கூடத் திருப்பியதில்லை.
பெருவிரைவு ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது.
கதவு திற, கதவு மூடு,
நடைமேடையைப் பார், மறுபடி மூடு.
மார்சிலிங் பக்கம் வரும்போது
கட்டடங்களுக்கு நடுவே
அக்கரை தெரியும், ஐந்து நொடி.
பிறகு அடுத்த நிலையத்தின் பெயரை
நான்கு மொழிகளில் யாரோ சொல்கிறார்கள்.

கேமரன் மலையில், தேயிலை முடிகிற இடத்தில்
ஒரு மண்தடம் பிரிகிறதாம்.
திரிங்காப்பிலிருந்து சவரிமுத்து போனில் சொன்னார்:
"ரோடுன்னு நெனச்சு வராதீங்கக்கா.
ரோடு மாதிரி ஒன்னு.
மழை பெஞ்சா அதுவும் இல்ல."
வீட்டுவண்டியை முகாமில் நிறுத்திவிட்டு
அவர் ஜீப்பில்தான் போகவேண்டும்.
"ஓட்டப் போறது சாரா?"
"நான்."
போனில் கொஞ்ச நேரம் காடு மட்டும் கேட்டது.
"சரிக்கா. டயர்ல பாதிக் காத்த எறக்கிருவோம்.
அப்பத்தான் மண்ணு நம்மளப் பிடிக்கும்."

அதைக் குமணனிடம் சொன்னேன்.
இருபத்தொன்றாம் வரியின் கீழ் ஒரு கோடு போட்டார்.
பேச்சில்லை, ஒரு மணி நேரம்.
பிறகு மீ கோரெங் பொட்டலங்களைப் பிரித்து
"வண்டிக்குள்ளேயே சாப்பிடலாம்" என்றார்.

விளக்கணைத்துப் படுத்துப் பார்த்தோம்.
தோள் இடித்தது. செழியனின் முழங்கால்
மலேசியா முழுவதையும் எடுத்துக்கொண்டது.
மேல்வீட்டில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
"கரடி" என்றான் தூக்கத்தில்,
பயமில்லாமல்.

விடுப்பு இன்னும் கிடைக்கவில்லை.
மார்ச்சுக்கு ஆள் பற்றாக்குறை என்கிறார்கள்.

காலை நாலு பத்து. முதல் ரயில் என்னுடையது.
இருட்டில் நாடாவைத் தாண்டியே போயிருக்கலாம்.
சுற்றிக்கொண்டு, கதவு வரைந்த பக்கம் வந்து,
அந்தப் படி எவ்வளவு உயரம் என்று
கொஞ்சம் யோசித்து,
காலைக் கீழே வைத்தேன்.