பிற காரணங்கள்

வால்டிவியாவில் ஜூன் மாதம் முழுக்க
மழையின் வருகைப்பதிவு மட்டும்தான் சரியாக இருக்கும்.
மாணவர் நல அலுவலகப் படிக்கட்டில்
குடைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து
சொட்டிக்கொண்டிருக்கும்.

தேர்வுக்கு வராததற்கான படிவத்தில்
மூன்று கட்டங்கள்:
நோய். குடும்பத்தில் இறப்பு. பிற.
'பிற'வுக்கு எதிரே ஒரு கோடு,
என் சுண்டுவிரல் நீளம்.

எலுனே கத்ரிலேயோ,
வனப் பொறியியல், மூன்றாம் ஆண்டு,
அந்தக் கோட்டில் தொடங்கி
ஓரத்தில் இறங்கி
முத்திரை குத்தும் இடத்தையும் தாண்டி எழுதியிருந்தான்:
"தேர்வறை வாசல் வரை வந்தேன்.
உள்ளே போய் உட்காரப்போவது யாரென்று
தெரியவில்லை."

பதினோரு வருடமாக இந்த நாற்காலி.
குறியீட்டு எண்களின் பட்டியலைப் புரட்டினேன்.
இதற்கு எண் இல்லை.

போன பருவத்தில் ஒரு மலைச்சரிவின் பைன் மரங்களைக்
கன மீட்டரில் கணக்கிட்டு
ஏழுக்கு ஏழு வாங்கியவன்.
சரிவின் அடியில்
அவன் சித்தி வீட்டுக் கிணறு வற்றிப்போனதை
எழுத விடைத்தாளில் இடமிருக்கவில்லை.

அறிவுரை இருந்தது என்னிடம்,
இழுப்பறையில், மடித்த துண்டறிக்கைகளாக.
எடுக்கவில்லை.
காலுறை நனைந்திருக்கிறதே,
கழற்றிக் கணப்பின்மேல் போடு என்றேன்.

போட்டுவிட்டுப் பேசினான்.
விடுதியின் பழுதான துணி உலர்த்தியை
மூன்று இரவு பிரித்துப்போட்டு ஓடவைத்தது அவன்தானாம்.
பாடகர் குழுவில் கீழ்க்குரல்.
மாப்புதுங்குன் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து
பாதிக்குப் பாதி தப்பாகப் பேசுகிறானாம்.
"தப்பாகப் பேசும்போது
பேசுவது நான்தான் என்று தெரிகிறது."
ஆற்றங்கரை மீன் சந்தையில் ஒரு கடற்சிங்கம்
அந்த நேரம் பார்த்துக் குரைத்தது.
இருவரும் சிரித்துவிட்டோம்.

கோப்பில் நான் குறித்துக்கொண்டது:
காலுறை, சாம்பல் நிறம்,
இடது பெருவிரலில் ஓட்டை.

படிவத்தின் அடியில்
ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, எல்லாம் எழுதி,
மேலே அனுப்பினேன்.
வியாழனன்று திரும்பி வந்தது:
'அனுமதித்த அளவை மீறுகிறது.'

மறந்துபோன காலுறையைக் கேட்டு
வெள்ளிக்கிழமை வந்தான்.
மறுதேர்வு என்றைக்கு என்றும் கேட்டான்,
வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.
எழுதுவேன் என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அவன் போனபின்
அவர்கள் வாக்கியத்துக்குக் கீழேயே எழுதினேன்:
'ஆமாம். ஆள் அந்த அளவு.'
இன்னொரு தாளையும் சேர்த்து ஒட்டியிருக்கிறேன்.
பசை காயவில்லை இன்னும்.
இந்த மழையில் எது காய்கிறது.