பதினொரு லிட்டர்

கணினிப் பெட்டியின் அளவை
லிட்டரில் சொல்வார்கள் என்பது
எனக்குப் போன மாதம்தான் தெரியும்.

லிட்டர் என்றால் எங்கள் சந்தில் தண்ணீர்.
விடிகாலை நாலே முக்காலுக்குக் குழாய் இருமும்,
ஐந்தரைக்கு அடங்கிவிடும்.
நீல டிரம் இருநூறு. எவர்சில்வர் குடம் பதினைந்து.
நான் வாங்கப்போகிறது பதினொன்று.
குடத்தில் ஊற்றினால்
நாலு லிட்டர் குறையும்.

ஆன்டாப் ஹில்லில் பத்துக்குப் பன்னிரண்டு அறை.
எங்கே வைப்பாய் என்று அம்மா கேட்கவில்லை.
தையல் டேப்பை உருவி
முருகன் படத்துக்கும் டிவிக்கும் நடுவே பிடித்தாள்.
"முப்பத்தேழு சென்டி.
அதுக்கு மேல ஒரு நூல் கிடையாது."

தெர்மோடைனமிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
எழுதி, அடித்து, எழுதுகிறேன்.
கூலரின் உயரம் அறுபத்தேழு மில்லிமீட்டருக்குள்.
பவர் சப்ளை குட்டி வகை, அறுநூறு வாட்
(மிக்சி ஓடும்போது இஸ்திரி போடாதே என்று
தம்பி சேந்தனிடம் சொல்ல வேண்டும்).
மதர்போர்டு ஒரு சாண்கூட இல்லை.
சாண் ஏறினால் முழம் சறுக்குவதெல்லாம்
ராம் விலையில்தான்.
திங்கட்கிழமை பார்த்த விலை
வியாழக்கிழமை இல்லை.

எனக்கு ஒரு நடைமேம்பாலம் இருக்கிறது.
அதைப் பதினெட்டு லட்சம் துண்டாக நறுக்கி
கூட்டம் ஏறினால்
எந்தத் துண்டுக்கு முதலில் வலிக்கும் என்று கேட்பது
என் புராஜெக்ட்.
காலேஜ் லேப் ஆறு மணிக்குப் பூட்டு.
அக்கா விட்டுப்போன லேப்டாப்
நாலு லட்சத்திலேயே நீலத் திரைக்குப் போய்
சோக முகம் காட்டுகிறது.

அப்பாவுக்கு ஏ.டி.எம்மில் இரவுக் காவல்.
பகலெல்லாம் அந்த முப்பத்தேழு சென்டிக்கு
நேர் கீழேதான் தூக்கம்.
ஆகவே விசிறியின் சத்தம்
இருபத்தைந்து டெசிபல் தாண்டக்கூடாது.
பாலத்தை ராத்திரியில் ஓட்டலாம்.
அவர் கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பியதும்
இது ஒரு சின்ன வெள்ளை விளக்கோடு
விடியும்வரை விழித்திருக்கும்.
வீட்டுக்கு இரண்டாவது நைட் டியூட்டி.

சனிக்கிழமை பர்வீனோடு லாமிங்டன் ரோடு.
குடை மடக்கினால் அடுத்தவர் செருப்பில் சொட்டும் கூட்டம்.
தீரேன் பாய் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்:
எண்பத்தொன்பதாயிரத்து முந்நூறு.
"பெரிய பெட்டி எடுத்துக்கோ பேட்டி,
நாலாயிரம் மிச்சம்."
"இடம்?" என்றேன்.
மூன்று பேர் நிற்க முடியாத தன் கடையை
ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.
அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என்னிடம் ஸ்காலர்ஷிப் நாற்பது,
அம்மா தள்ளி எடுத்த சீட்டு முப்பது.
ராமைக் குறைத்தால் பாலம் நிற்காது.
ப்ராசசரில் கை வைக்க மனசு வரவில்லை.
தாதர் வரை நின்றுகொண்டே யோசித்து
வீட்டுக்கு வந்து
கிராஃபிக்ஸ் கார்டின் மேல் கோடு கிழித்தேன்.
இருபத்தேழாயிரம்.
ப்ராசசருக்குள் இருக்கிற குட்டி கிராஃபிக்ஸே
இப்போதைக்குப் படம் காட்டும்.
மிச்சத்தில் பழைய மானிட்டர் ஒன்று.

கார்டு போய்விட்டது. அதன் இடம் போகவில்லை.
இருபத்தாறு சென்டி நீளம், ஐந்து சென்டி கனம்,
பெட்டிக்குள் அப்படியே காலியாக.
ஏணிப்படிக்குக் கீழே வெங்காயம்,
கட்டிலுக்குக் கீழே கேரம் போர்டு,
கதவுக்குப் பின்னால் மழைக்கோட்டு என்று
மூலைக்கு மூலை ஆள் குடியிருக்கும் இந்த வீட்டில்
யாருக்கும் இல்லாத ஓர் இடம்.
பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி
நோட்டில் அங்கே ஒரு கட்டம் போட்டு வைத்தேன்,
வேலை கிடைத்ததும் வந்து உட்கார.

சேந்தன் எட்டிப் பார்த்தான்.
"அதுவரைக்கும் என் ஸ்ட்ரைக்கரை உள்ளே வைக்கலாமா?"

கூடாது என்றேன். காற்று போகணும்.

"எத்தனை லிட்டர் காற்று?"

இன்னும் கணக்குப் போடவில்லை.