உடனே வந்த மறுப்பு

பாண்டுப்பில் ஒரு கால்நடை மருத்துவமனையின் ஹார்ட் டிஸ்க்
மாலை ஆறு மணிக்குச் செத்தது.
புதுசு மாட்டி லினக்ஸ் ஏற்றியாகிவிட்டது.
பேக்கப் இருப்பது மஹாபேயில்.
நடுவில் நான், சாக்கிநாக்காவில்,
மழையில் ஆட்டோ கிடைக்காததால்
இன்னும் அலுவலகத்தில்.

பாப்லேட் என்றொரு நாய்.
காலை ஏழரைக்கு இடுப்பில் அறுவை.
எக்ஸ்ரே வேண்டும் என்றார் டாக்டர் சுலக்ஷணா தேவ்ருக்கர்,
இந்தியில், பிறகு மராத்தியில்,
பிறகு எதுவும் பேசாமல்.

ரீஸ்டோர் போட்டேன்.
வேலை எண் 4417 ஓடுகிறது, என்றது திரை.
நின்றுகொண்டே ஓடுவதாகச் சொல்ல
சர்வருக்கும் தெரிகிறது.
க்ளையன்ட் ஸ்டோரேஜை வந்தடையக் காத்திருக்கிறேன்.
காத்திருந்தது.
பிறகு சிவப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது.

பிங் போகிறது.
பாஸ்வேர்ட் சரி.
ஃபயர்வாலைத் திறந்தேன், இன்னும் அகலமாகத் திறந்தேன்,
ஒன்றரை மணிக்குக் கழற்றியே வைத்தேன்;
யாரிடமும் சொல்லாதீர்கள்.
மஹாபேயிலிருந்து பாண்டுப்புக்குக் கதவு திறக்கிறது.
பாண்டுப்பிலிருந்து மஹாபேக்குத்தான் இல்லை.

டாக்டர் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.
அங்கே கூண்டுக் கம்பியை ஏதோ ஒன்று
நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தது.
அந்தப் பக்கத்து லாகை நாலாம் முறை படித்தபோதுதான்
கண்ணில் பட்டது:
முயற்சிக்கும் மறுப்புக்கும் நடுவே
ஒரு மில்லி நொடிகூட இல்லை.

தாணே கடற்கழியைத் தாண்டிப் போய்
'முடியாது' வாங்கிக்கொண்டு திரும்ப
ஒளிக்கே நாலைந்தாவது ஆகும்.
இத்தனை சீக்கிரம் மறுப்பவர்
பக்கத்தில் இருக்க வேண்டும்.
பக்கத்தில்கூட இல்லை.
உள்ளே.

கான்ஃபிக் கோப்பைத் திறந்தேன்.
ஸ்டோரேஜின் முகவரி: லோக்கல்ஹோஸ்ட்.

'என்னிடம்தான் இருக்கிறது' என்று சர்வர் சொன்னதை
பாண்டுப் இயந்திரம் அப்படியே வாங்கி
'என்னிடம்தான்' என்று தனக்கே படித்துக்கொண்டு
தன் கதவைத் தானே தட்டி
ஆளில்லை என்று தானே பதிலும் சொல்லியிருக்கிறது
ராத்திரி முழுக்க.

உனக்குள்ளே தேடு என்று சொல்லிப்போனவர் எவருக்கும்
கழிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் கோப்பை
விடிவதற்குள் மீட்க வேண்டியிருந்ததில்லை.

ஒரு வரி. மாற்றினேன். ஃபயர்வாலையும் மறுபடி மாட்டினேன்.
கோப்புகள் இறங்கின.
எங்கே இறங்கின? டாக்டரின் திரையில் அதே வெறுமை.
தேடிப் போனால் டெம்ப்புக்குள் ஒரு ஃபோல்டர்,
அதற்குள் ஹோம், அதற்குள் க்ளினிக், அதற்குள் எக்ஸ்ரே.
வீட்டை முழுசாகக் கொண்டுவந்து
பிளாட்பாரத்தில் கட்டி வைத்த மாதிரி.
சாவி ரூட்டிடம்.
ஒருமுறை ரீபூட் செய்திருந்தால் பெருக்கித் தள்ளியிருக்கும்.
தூக்கி அதன் இடத்தில் வைத்தேன், உடைமையாளர் பெயரை மாற்றினேன்.

நாலு இருபத்தைந்து.
"டாவா," என்றார் டாக்டர். இடது.
"தெரியும்தான். இருந்தாலும் பார்க்கணும் இல்லையா?"
நன்றி சொன்னார், மூன்று மொழியில்,
ஒன்று தப்பும் தவறுமான தமிழ்.

நான் சொல்லாதது:
அந்த வரியை எழுதியது நான்.
சர்வரை இடம் மாற்றிய வெள்ளிக்கிழமை, சோதனைக்கு,
அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று.
அன்றிலிருந்து ஏழு ராத்திரி பேக்கப்பும் ஓடவில்லை.
ஏழு ராத்திரியும் தவறாமல் மெயில் அனுப்பியிருக்கிறது,
நானே போட்ட ஃபில்டர் வழியாக,
நான் திறக்காத ஃபோல்டருக்கு.

பாப்லேட்டின் படம் அதற்கு முந்தின நாள் எடுத்தது.
அதன் பிறகு வந்த பூனைகள்,
சிறகொடிந்த ஒரு பருந்து,
ஒரு ஆமைகூட வந்ததாம்,
அவற்றின் எலும்புகள் இப்போது எங்கும் இல்லை.

மழை விட்டிருக்கிறது. கீழே ஆட்டோச் சத்தம்.
போன் இன்னும் கையில் சுடுகிறது.
ஒன்பது மணி சுமாருக்கு,
தையல் போட்டு முடித்திருப்பார்,
கூப்பிட வேண்டும்.