நாற்பத்தேழாம் நிமிடம்

குட்டாயிசியில் இரவு பதினொன்று.
ரியோனி ஆற்றுப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு
காதில் ஒலிப்பானை மாட்டிக்கொள்கிறேன்.
என் வேலை பார்ப்பது.
பார்ப்பது மட்டும்.

எங்கோ ஒருவர் தேர்வு எழுதுவார், இணையத்தில்.
அவர் முகத்தை, அறையை, கண் போகும் திசையை
இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.
தலைக்கு ஒன்பது லாரி எனக்கு.
அவர் கட்டியிருப்பது எண்ணூற்று எழுபது.

இன்று முதல் ஆள் லுசாக்காவிலிருந்து,
லுயாண்டோ ம்வீம்பா.
அறையைச் சுற்றிக் காட்டுங்கள் என்றேன்.
மடிக்கணினியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்:
மெத்தை, கயிற்றில் பள்ளிச் சட்டைகள்,
வாளியின் மேல் கவிழ்த்த தட்டுகள்.
மேசைக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு.
மணிக்கட்டைக் காட்டச் சொன்னேன். ஒன்றுமில்லை,
கடிகாரம் இருந்த தடம் மட்டும் வெளிறிக் கிடந்தது.
விற்றாளா என்று கேட்க
என் படிவத்தில் கட்டம் இல்லை.

நானும் படித்தவன்தான், காசு கட்டாமல்.
ஓசிப் பாடம். தவறுகள் மட்டும் சொந்தக் காசில்.
சியாலாவின் ரொட்டிக் கடைக்குத் தளம் கட்டினேன்;
தினமும் நாற்பது பேர் அதில் கச்சாப்புரி கேட்கிறார்கள்.
ஒருநாள் ஓர் ஆர்டரே திரும்பத் திரும்பப் பதிவாகி
ஒரு பல் மருத்துவர் வீட்டுக்கு
இருபத்திரண்டு கச்சாப்புரி போய் இறங்கின.
அன்றிரவு கற்றதை
எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை.

திபிலிசியில் மூன்று கம்பெனி ஏறி இறங்கினேன்.
மூன்றிலும், "சான்றிதழ்?"
தளத்தைத் திறந்து காட்டினேன்.
"அழகு" என்றார் ஒருவர்,
"ரொட்டி நன்றாய் வெந்திருக்கிறது."

அதற்காகக் காசைக் கட்டு என்பேனா?
நானூறு பேரைப் பார்த்தாயிற்று.
கேள்வி முழுதாய்த் திரையில் வருமுன்பே
விடையை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்,
யாரோ விற்ற பழைய வினாக்களை உருப்போட்டவர்கள்.
தொண்ணூற்றெட்டு வாங்கிப் போவார்கள்.
ஒரு பொத்தானை நடுவில் நிறுத்தச் சொன்னால்
என்ன செய்வார்களோ,
யாரும் பார்ப்பதில்லை, நான் உட்பட.
சான்று என்றால் சாட்சி.
நான் சொல்லும் சாட்சி இவ்வளவுதான்:
இவர் எழுந்து போகவில்லை,
இவர் வேறெங்கும் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் கேள்வி.
லுயாண்டோ தவறான விடையின் மேல் அம்பை வைத்தாள்.
தவறென்று எனக்குத் தெரியும்,
பல் மருத்துவரைக் கேளுங்கள்.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள்.
விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள்.
அது போனது, எதிலோ முட்டியது, திரும்பி வந்தது.
சைகை கூடாது, விதி ஏழு.
பிறகு சரியானதைத் தொட்டாள்.
காற்றில் கோடு இழுத்துப் பார்ப்பவளுக்கு
வேலை தெரியும்.
இதற்கும் கட்டம் இல்லை.

நாற்பத்தேழாம் நிமிடம் மின்சாரம் போனது.
திரை வெளிச்சத்தில் மூக்கும் ஒரு கன்னமும் மட்டும்.
"முகம் முழுதும் தெரிய வேண்டும்."
தட்டச்சு செய்யும்போதே கூசியது.
அவள் எழவில்லை. எழுந்தால் தேர்வு போச்சு.
யாரையும் கூப்பிடவுமில்லை. வாய் திறந்தாலும் போச்சு.
இடப்பக்கமிருந்து ஒரு சின்னக் கை நீண்டது,
சூரிய ஒளியில் ஊறிய சிறு விளக்கொன்றை
மேசையில் வைத்தது, மறைந்தது.
எத்தனை நாள் ஒத்திகை பார்த்தார்களோ.

"அறையில் வேறொருவர்."
அந்தக் கட்டத்தின் மேல் என் அம்பு நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
அவள் ஐம்பதாம் கேள்விக்குப் போய்விட்டாள்.

தேறினாளா, தெரியாது. எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
தேறியிருந்தால் அந்தத் தாள் அவளை
ஒரு கதவு வரை கொண்டு விடலாம்.
உள்ளே போன பிறகு அந்த விரல்தான்.
கதவே இல்லாத தெருவில்
விரலை வைத்து என்ன செய்வது என்றும்
எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து மடல்:
"நாற்பத்தேழாம் நிமிடம்.
சட்டத்துக்குள் ஒரு கை.
விளக்கு."

கடைசிச் சொல்லை மட்டும்
அப்படியே திருப்பி அனுப்பினேன்.