இன்னும் ஊறவில்லை

அங்கப்ப நாயக்கன் தெருவில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி.
ஏறி வருகிற எல்லாரும்
வாசலில் நின்று மூச்சு வாங்குவார்கள்.
எனக்கு அது வசதி.
வாங்குகிற மூச்சோடு சந்தனமும் உள்ளே போய்
பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

கஜேந்திரன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.
காக்கிச் சட்டை, விரலில் மாட்டிய ஆட்டோ சாவி.
"இதுல ஸ்பிரிட் கலந்திருக்கா?"

தொழப் போகிறவர்கள் கேட்கிற கேள்வி அது.
பதினோரு வருடமாக ஒரே பதில்:
எண்ணெய் மட்டும்தான். ஒரு சொட்டு கிடையாது.

கையை எடுத்தார்.
"சலூன்ல ஷேவ் பண்ணிட்டு என்னத்தையோ அடிச்சு விட்டான்.
அந்த வாடைக்கே வண்டி தானா
கடைப் பக்கம் திரும்பிடுச்சு.
ஓரங்கட்டி நிறுத்திட்டு அழுதேன்.
இன்னியோட முப்பத்தொரு நாள்க்கா."

எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை.

ஐப்பசியில் மகளுக்கு நிச்சயமாம்.
"நாலு பேர் முன்னாடி நல்லா மணக்கணும்.
எம் பொண்ணு கிட்ட வந்தா
மொதல்ல மோந்துதான் பாப்பா.
அப்புறம்தான் அப்பான்னு கூப்பிடுவா."

குப்பிகளை இறக்கினேன்.
அடியில் சந்தனம், அரைத் தோலா.
வெட்டிவேர் நான்கு சொட்டு,
அது மரமில்லை, ஆனாலும் மரங்களோடு ஒத்துப்போகும்.
கண்ணாடிக் குச்சியில் அகில் ஒரு துளி.
முகம் சுளித்தார்: "ஆட்டுப் பட்டி மாதிரி இருக்கு."
அரைமணி பொறுங்கள் என்றேன்.
டீ வரவழைத்துக் குடித்தோம்.
மணிக்கட்டை மறுபடி முகர்ந்துவிட்டு
என்னை ஏதோ ஏமாற்றுக்காரியைப் போலப் பார்த்தார்.

தேவதாருவைத் திறந்தபோது சிரித்தார்.
"பென்சில் சீவுன வாசன.
ஒண்ணாங்கிளாஸ்ல அவ பையி இப்படித்தான் இருக்கும்.
இன்னும் ரெண்டு விடுங்க."
கணக்குக்கு மேல்தான். விட்டேன்.

"இது ஸ்பிரிட் மாதிரி ஓடாது,
பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் தெரியும்.
ஆனால் இன்றைக்கே போட முடியாது.
நாற்பது நாள் இருட்டில் ஊறணும்."
"ஒரு மண்டலமா?"
கிட்டத்தட்ட, என்றேன்.
லேபிளில் தேதி எழுதி
பீரோவின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

சனிக்கிழமை தோறும் வந்தார்.
நான் திறந்து காட்டுவேன்.
"அதுக்கு எத்தன நாள் ஆச்சு?"
"பதினாலு. உங்களுக்கு?"
"நாப்பத்தஞ்சு."
வேறு பேச்சு அதிகமில்லை.
மின்சாரம் போன ஒரு மாலையில்
மெழுகுவத்தியைத் தள்ளி வைத்துவிட்டு
இருட்டிலேயே முகர்ந்து பார்த்தோம்.

முப்பத்தைந்தாம் நாள் சனி, வரவில்லை.
நாற்பதாம் நாளும் வரவில்லை.
குப்பியைத் திறந்தேன்.
அகில் தேனாகிவிட்டிருந்தது.
தேவதாரு மேலே நிற்காமல்
சந்தனத்தின் மடியில் போய்ப் படுத்துவிட்டது.
இத்தனை வருடத்தில்
இப்படி இரண்டு முறைதான் அமைந்திருக்கிறது எனக்கு.

நாற்பத்தாறாம் நாள் வந்தார்.
சட்டை தேய்த்திருந்தது, தலை வாரியிருந்தது.
வாயில் புதினா மிட்டாய்.

புதினாவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று
என் மூக்கிடமா மறைக்க முடியும்?
மூக்கை விற்றுத்தானே சோறு தின்கிறேன்.

"ஆயிடுச்சாக்கா?"
பணத்தை எண்ணியே கொண்டுவந்திருந்தார்,
ரப்பர் பேண்ட் போட்டு.

"இல்லை" என்றேன்.
"தேவதாரு கூடிப் போச்சு இல்லையா,
இன்னும் ஊறலை."

கீழே யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.
அவர் வண்டிதான் வழியை மறித்து நின்றிருக்கும்.
அவர் நகரவில்லை.
எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னும் எத்தன நாளு?"
"நிச்சயம் என்றைக்கு?"
"ஐப்பசி பத்து."
விரல் விட்டு எண்ணினேன், வேண்டுமென்றே மெதுவாக.
"இருக்கிறது, நாள் இருக்கிறது."

அவர் இறங்கிப் போனபின்
லேபிளை நகத்தால் சுரண்டினேன்.
முழுதாக வரவில்லை,
பழைய தேதியில் பாதி பசையோடு நின்றுவிட்டது.
அதன் மேலேயே எழுதினேன்,
இன்றைய தேதியை.